பாடவேளை கிடைக்காத மொழி

வேலூர் மாவட்டத்தின் பேரணாம்பட்டுக் கடைவீதியில் பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே நடந்தால் ஊரின் கதை பாதி விளங்கிவிடும். ஒரு பலகையில் தமிழ், இன்னொன்றில் வலமிருந்து இடமாக ஓடும் உருது, எல்லாவற்றிலும் கொஞ்சம் ஆங்கிலம். மேற்கே மலைப்பாதை ஏறி எல்லையைத் தாண்டினால் ஆந்திரத்தின் வி.கோட்டா, அங்கே தெலுங்கு. 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 50,000 பேர் வாழும் இந்தச் சிறு நகரத்தில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்கிறவர், காலணிக் கம்பெனிக்குப் போகிறவர், வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றுகிறவர் என எல்லாருமே ஒரு நாளில் இரண்டு மூன்று மொழிகளைத் தொட்டுத்தான் வாழ்கிறார்கள். வீட்டில் தக்னி உருது, கடையில் தமிழ், பிள்ளையின் பள்ளிப் பையில் ஆங்கிலம்.

ஒரு மொழி பள்ளியில் பாடமாக இருப்பதற்கும் இல்லாமல் போவதற்கும் என்ன வித்தியாசம் என்று இந்த ஊருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. 2006-ல் தமிழ்நாடு தமிழ் கற்றல் சட்டம் வந்தது. முதல் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏறி, 2015-16 கல்வியாண்டில் அது பத்தாம் வகுப்பை எட்டியது. தமிழ் முதல் பாடம், கட்டாயம். பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் வரிசையில் உருது வழியில் படித்த பிள்ளைகளின் பெற்றோர் கலங்கினார்கள். தமிழைப் படிக்கவைப்பதில் அவர்களுக்குத் தடையில்லை. உருது மதிப்பெண் பட்டியலில் எங்கே நிற்கும், போதிய தமிழாசிரியர் இல்லாத பள்ளியில் பிள்ளை எப்படித் தேறும் என்பதே அவர்கள் கேள்வி. மொழிச் சிறுபான்மையினர் வழக்குத் தொடுத்தார்கள், விலக்குப் பெற்றார்கள், அந்த விலக்கை நீட்டிக்க உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். மதிப்பெண் பட்டியலில் இடம் இழக்கும் மொழி அடுத்த தலைமுறையில் வீட்டுக்குள்ளும் தேயும் என்பதை உணர்ந்தவர்கள் அவர்கள்.

அதே தேர்வுக்கூடங்களில் இன்னொரு விலக்கு சத்தமில்லாமல் பல ஆண்டுகளாக நடைமுறையில் இருக்கிறது. காது கேளாத மாணவர்களுக்குத் தமிழக அரசுப் பொதுத்தேர்வில் ஒரு மொழித்தாள் விலக்கு, எழுதக் கூடுதல் நேரம். சலுகை என்ற வகையில் அது பயனுள்ளதுதான். அதனால் தேறியவர்கள் ஏராளம். ஆனால் அந்தப் பிள்ளைக்கு ஒரு மொழியைக் குறைத்துக்கொடுத்த கல்வித்துறை, அவன் தடையில்லாமல் பேசுகிற ஒரே மொழியை அந்த வெற்றிடத்தில் வைக்கலாமே என்று யோசிக்கவில்லை. சைகை மொழி அவன் விளையாட்டு மைதானத்தில் இருந்தது, விடுதியில் இருந்தது. பாடத்திட்டத்தில் இல்லை.

இந்த இல்லாமையின் வேர் தமிழ்நாட்டில் இல்லை. 1880 செப்டம்பரில் இத்தாலியின் மிலான் நகரில் காது கேளாதோர் கல்விக்கென ஒரு சர்வதேச மாநாடு கூடியது. பிரதிநிதிகள் 164 பேர். அவர்களில் காது கேளாதவர் ஒரே ஒருவர், அமெரிக்கரான ஜேம்ஸ் டெனிசன். காது கேட்கிறவர்கள் வாக்களித்து, வாய்ப்பேச்சே உயர்ந்தது, சைகையை வகுப்பறையிலிருந்து அகற்ற வேண்டும் என்று தீர்மானித்தார்கள். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே பாரிசில் அபே தெ லெப்பே என்ற பாதிரியார் காது கேளாத ஏழைப் பிள்ளைகளின் சைகைகளைக் கற்று, அவற்றைக் கொண்டே அவர்களுக்கு எழுத்தறிவித்திருந்தார். அந்தப் பள்ளியில் உருவான லோரான் கிளார் என்ற காது கேளாத ஆசிரியர் கடல் கடந்து போய், 1817-ல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் பள்ளி தொடங்கத் துணைநின்றார். இந்த அனுபவம் முழுவதையும் மிலான் தீர்மானம் ஓரங்கட்டியது. ஐரோப்பா எங்கும் காது கேளாத ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள். பிள்ளைகள் கையசைத்தால் பிரம்படி. சில பள்ளிகளில் கையைக் கட்டிவைக்கவும் செய்தார்கள். 2010-ல் கனடாவின் வான்கூவரில் கூடிய அதே மாநாட்டின் வாரிசுகள் அந்தத் தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தார்கள். இடையில் கடந்தவை 130 ஆண்டுகள்.

இந்தியாவின் முதல் காது கேளாதோர் பள்ளி மிலானுக்குச் சில ஆண்டுகள் கழித்துப் பம்பாயில் தொடங்கியது, பிஷப் லியோ மியூரின் முயற்சியில். 1893-ல் கல்கத்தா. அங்கே முன்னின்றவர்களில் ஒருவரான யாமினிநாத் பானர்ஜி மேல்நாடு சென்று பயிற்சி பெற்றுத் திரும்பினார். அவர் போன காலத்தில் மேல்நாட்டில் கோலோச்சியது வாய்ப்பேச்சு முறைதான். ஆகவே நம் நாட்டில் இந்தக் கல்வி பிறந்தபோதே சைகைக்குக் கதவு சாத்தியிருந்தது.

தெற்கே ஒரு கதவு திறந்திருந்தது. பாளையங்கோட்டையில் ஃபிளாரன்ஸ் ஸ்வெயின்சன் என்ற மிஷனரிப் பெண்மணி 1890களின் நடுவில் காது கேளாத குழந்தைகளைச் சேர்த்துக் கற்பிக்கத் தொடங்கினார். இந்தியாவின் ஏனைய பள்ளிகள் சைகையைக் கண்டு முகம் சுளித்த நாட்களில் அந்தப் பள்ளி சைகையைக் கற்பித்தலுக்கே பயன்படுத்தியது. அவர் பெயரில் இன்றும் மேல்நிலைப் பள்ளியாக நடக்கிறது. தாமிரபரணிக் கரையில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இப்படி ஒரு மொழி வகுப்பறைக்குள் வாழ்ந்திருப்பதைத் தமிழகக் கல்வி வரலாற்றை எழுதுகிறவர்கள் ஓரிரு வரியில் தாண்டிப் போவது சரியல்ல. திருநெல்வேலிச் சீமையின் பெண்கல்விக்குக் கொடுக்கும் அத்தியாயத்தை இதற்கும் கொடுக்க வேண்டும்.

ஏனைய இடங்களில் நடந்தது உதட்டுப் பயிற்சி. கண்ணாடி முன்னால் உட்காரவைத்து, ஆசிரியரின் தொண்டையில் பிள்ளையின் விரலை வைத்து, அதிர்வைக் காட்டி, ஒவ்வொரு ஒலியாக வரவழைப்பது. அதைச் செய்த ஆசிரியர்களின் பொறுமையைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் தமிழை உதட்டிலிருந்து படிப்பது எவ்வளவு கடினம் என்பதை யாரும் சோதித்துப் பார்க்கலாம். ‘பாடு’, ‘மாடு’ இரண்டையும் குரல் இல்லாமல் சொல்லிக் கண்ணாடியில் பாருங்கள். உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். ‘பாடம்’, ‘மாடம்’ அப்படியே. க, ங போன்றவை தொண்டையருகே பிறப்பதால் வெளியே தெரிவதே இல்லை. ஓரளவு கேட்கும் பிள்ளைக்கும், கேட்டுப் பழகிய பின் செவித்திறன் இழந்தவருக்கும் இந்த முறை உதவியது. பிறவியிலேயே ஒலி அறியாத பிள்ளை பத்தாண்டு பள்ளியில் இருந்தும் சில நூறு சொற்களோடு வெளியே வந்தது.

மொழி அந்தப் பிள்ளையிடம் விடுதியில்தான் வந்து சேர்ந்தது. காது கேளாத குழந்தைகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறக்கிறவர்கள். வீட்டில் சோறு, தண்ணீர், தூக்கம், அப்பா என்ற அளவுக்குச் சில ஜாடைகள் இருக்கும். கதை சொல்ல, காரணம் கேட்க, பொய் சொல்ல, சண்டைபோட்டுச் சமாதானமாக அவை போதாது. பள்ளி விடுதிக்கு வந்த முதல் வாரத்தில், பெரிய பிள்ளைகளின் கைகளிலிருந்து அந்தக் குழந்தை தன் முதல் மொழியைப் பெறத் தொடங்குகிறது. மற்ற பிள்ளைகள் அம்மாவின் மடியில் பெறுவதை இவர்கள் தூங்கும் கூடத்தில், விளக்கணைக்கும் முன்பு, மூத்த மாணவர்களிடமிருந்து பெற்றார்கள்.

இது நடக்கக்கூடியதுதானா என்று ஐயப்படுகிறவர்களுக்கு நிகராகுவா ஒரு சான்று. 1970களின் இறுதி வரை அந்த நாட்டில் காது கேளாதோர் தனித்தனி வீடுகளில் ஒதுங்கிக் கிடந்தார்கள். தலைநகர் மனாகுவாவில் பள்ளி திறந்து நூற்றுக்கணக்கில் பிள்ளைகள் ஓரிடத்தில் சேர்ந்தபோது, ஆசிரியர்கள் உதட்டைப் பார்த்து ஸ்பானிஷ் படிக்கச் சொன்னார்கள், அது பலிக்கவில்லை. மைதானத்திலும் பள்ளிப் பேருந்திலும் பிள்ளைகள் தங்கள் வீட்டு ஜாடைகளைக் கலந்து சில ஆண்டுகளில் இலக்கணம் கொண்ட புதுமொழியை உண்டாக்கிவிட்டார்கள். 1986-ல் ஜூடி கெகல் என்ற மொழியியலாளர் வரவழைக்கப்பட்டு அதைப் பதிவுசெய்தார். பெரியவர்கள் யாரும் சொல்லிக்கொடுக்காமல் ஒரு மொழி பிறந்ததை உலகம் கண்முன் பார்த்த அரிய நிகழ்வு அது.

அவ்வளவு தூரம் போகாமலே பக்கத்து மாநிலத்தில் இன்னும் நெருக்கமான ஓர் ஊர் உண்டு. கர்நாடகத்தின் கவுரிபிதனூர் வட்டத்தில் அலிப்பூர். சுற்றிலும் கன்னடமும் தெலுங்கும் பேசும் கிராமங்களுக்கு நடுவே உருது பேசும் ஷியா முஸ்லிம்களின் ஊர். உறவுக்குள்ளேயே திருமணம் செய்யும் வழக்கத்தால் தலைமுறை தலைமுறையாக அங்கே பிறவிச் செவிடு அதிகம். காது கேட்காதவர் எல்லாத் தெருவிலும் இருந்ததால், கேட்கிறவர்களும் கையால் பேசப் பழகினார்கள். அந்த ஊருக்கென்றே ஒரு சைகை மொழி வளர்ந்தது. அதைப் பற்றி ஆய்வாளர் சிபாஜி பாண்டா எழுதிய விரிவான கட்டுரை 2012-ல் வெளிவந்தது. கடைக்காரர், அண்டை வீட்டார், உறவினர் எல்லாருக்கும் ஓரளவாவது கைப்பேச்சு தெரிந்த ஊரில், காது கேளாமை ஒருவரைத் தனிமையில் தள்ளுவதில்லை. இப்போது அலிப்பூர்ப் பிள்ளைகள் நகரப் பள்ளிகளுக்குப் போய் இந்தியச் சைகை மொழியோடு திரும்புவதால் ஊர்மொழி மெல்ல மங்குகிறது என்பதும் அதே ஆய்வின் கவலை.

அலிப்பூர் நமக்கு அந்நியமல்ல. மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று உறவுக்குள் மணம் முடிப்பது சாதி, மத வேறுபாடில்லாமல் தமிழகம் முழுவதும் இருந்த, இன்னும் இருக்கிற வழக்கம். நாட்டிலேயே இவ்வழக்கம் மிகுதியாக உள்ள மாநிலங்களில் நம்முடையது ஒன்று. பிறவிச் செவித்திறன் குறைபாட்டுக்கும் இதற்கும் உள்ள தொடர்பை மருத்துவம் உறுதி செய்திருக்கிறது. பாலாற்றுப் பகுதியின் பெற்றோர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குப் போகிறார்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சிறு வயதுக் குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி பொருத்தவும் வழியிருக்கிறது. அது பெரிய வரம். ஆனாலும் காலம் கடந்து கண்டறியப்பட்ட பிள்ளை உண்டு, கருவி பலன் தராத பிள்ளை உண்டு, பழுதான கருவியைச் சரிபார்க்கப் பணமில்லாத வீடும் உண்டு. கருவியா சைகையா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது கொடுமை. மூன்று மொழி பேசியே வளரும் பேரணாம்பட்டுப் பிள்ளைக்கு ஒரு மொழி இன்னொன்றைக் கெடுக்கும் என்று எந்தத் தாயும் நம்புவதில்லை.

சைகை என்றால் விரல் ஜாடைதானே என்ற எண்ணம் நம் பக்கத்தில் வலுவாக இருப்பதற்கு ஒரு காரணம், ஜாடையால் பேசும் தொழில்கள் இங்கே பல இருப்பதுதான். வேலூரை அடுத்த பொய்கையில் செவ்வாய்க்கிழமை தோறும் மாட்டுச் சந்தை கூடும். தரகர் தோளிலிருந்து துண்டை எடுத்து இரண்டு கைகளின் மேல் போட்டு, துணிக்குள் வாங்குகிறவரின் விரல்களைப் பிடித்து அழுத்தி விலை பேசுவார். சுற்றி நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. தோல் ஷாப்பில் ட்ரம் சுழலும் இரைச்சலுக்கு நடுவே நிற்பவர்களும் நிறுத்து, விடு, தண்ணீர் கூட்டு என்பதைக் கையால்தான் சொல்ல வேண்டும். இவை குறியீடுகள். துண்டுக்கு அடியில் ஆயிரத்தையும் நூறையும் பேசலாம். உன் மகள் ஏன் பள்ளிக்கு வரவில்லை என்று கேட்க முடியாது.

இந்தியச் சைகை மொழியில் அதைக் கேட்கலாம். அதற்கு இலக்கணம் உண்டு. வினாச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வரும்: நீ, ஊர், போவது, எப்போது. அந்தக் கேள்வியைக் கேள்வியாக்குவது கையோடு சேர்ந்த புருவமும் முகமும். முகம் அசையாமல் கை மட்டும் அசைந்தால், நிறுத்தற்குறி இல்லாத பக்கத்தைப் படிப்பது போலிருக்கும். பேச்சில் வரும் ஆட்களைக் காற்றில் இடம், வலம் என்று நிறுத்திவைத்து, பிறகு அந்த இடத்தைச் சுட்டியே ‘அவன்’, ‘அவள்’ என்று சொல்லிக்கொண்டு போகலாம். யார் யாருக்குக் கொடுத்தார் என்பதைக் கொடுக்கும் கையின் திசையே சொல்லிவிடும். சைகை மொழிகளுக்கும் முழுமையான அமைப்பு உண்டு என்பதை வில்லியம் ஸ்டோக்கி அமெரிக்காவில் 1960-ல் எழுதிக்காட்டினார். உல்ரிக்கே செஷான் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் டெல்லியிலும் கராச்சியிலும் ஆராய்ந்து, எல்லைக்கு இருபுறமும் இலக்கணம் ஒன்றே என்று 2000-ல் நிறுவினார்.

அதற்கு முன்னோடியாக உழைத்த ஓர் இந்தியர் மதன் வசிஷ்டா. இமாசலத்தின் சிற்றூரில் பிறந்து, பதினோரு வயதில் காய்ச்சலுக்குப் பிறகு செவித்திறன் முழுவதும் இழந்தவர். டெல்லியில் புகைப்படக் கலை கற்று, 1967-ல் அமெரிக்காவின் காலடெட் கல்லூரிக்குப் போனார். 1970களின் பிற்பகுதியில் ஜேம்ஸ் உட்வர்டு, கிர்க் வில்சன் ஆகியோரோடு திரும்பிவந்து டெல்லி, கல்கத்தா, பம்பாய், பெங்களூர் நகரங்களில் சைகைகளைத் திரட்டினார். நான்கு நகரங்களுக்கும் பொதுவான சைகைகள் எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாக இருந்தன. இந்தியாவில் சைகை மொழியே கிடையாது, வெறும் ஜாடைகள்தான் என்று கல்வியாளர்கள் சொல்லிவந்த காலம் அது. 2001-ல் கோயம்புத்தூர் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயம் 12 மாநிலங்களின் 42 நகரங்களிலிருந்து திரட்டிய சைகைகளைப் படங்களோடு அகராதியாக அச்சிட்டது. பெரியநாயக்கன்பாளையத்து வளாகத்தில் நடந்த இந்த வேலைக்குத் தமிழ் ஊடகத்தில் கிடைத்த கவனம் மிகக் குறைவு.

பிறகு நடந்தது அரசோடு போராட்டம். 2011-ல் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் சைகை மொழி ஆய்வு, பயிற்சி மையம் ஒன்று அனுமதிக்கப்பட்டது. இரண்டே ஆண்டில் மூடப்பட்டது. காது கேளாதோர் வீதிக்கு வந்தார்கள். 2015 செப்டம்பர் 28-ல் அது தனி நிறுவனமாக டெல்லியில் மீண்டும் அமைந்தது. 2018-ல் 3,000 சொற்களோடு வந்த அதன் அகராதி, 2021-ல் 10,000 சொற்களாக வளர்ந்தது. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், சைகை மொழியும் பிரெயிலும் அறிந்த ஆசிரியர்களைப் பயிற்றுவித்து நியமிப்பதை அரசின் கடமையாக்கியது. 2021 ஜூலை 29-ல் இந்தியச் சைகை மொழி ஒரு மொழிப்பாடமாக அறிவிக்கப்பட்டது. தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் பத்தாம் வகுப்பு நிலையில் அதைத் தேர்ந்தெடுத்துத் தேர்வு எழுதலாம். காது கேட்கிறவரும் எழுதலாம். தென்னாப்பிரிக்காவில் மாணவர்கள் 2018-லேயே தங்கள் சைகை மொழியைத் தாய்மொழித் தாளாகப் பள்ளியிறுதித் தேர்வில் எழுதிவிட்டார்கள். ஸ்வீடன் நாடாளுமன்றம் தன் நாட்டுச் சைகை மொழியை அங்கீகரித்தது 1981-ல்.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு சிக்கல். சைகை மொழியைப் பற்றிய வரி அமைந்தது 2020-ன் தேசியக் கல்விக் கொள்கையில். அந்தக் கொள்கையை இம்மாநிலம் ஏற்கவில்லை. 1968 முதல் இருமொழிக் கொள்கை நம்முடையது. மும்மொழி பற்றிய பெரும் விவாதத்தில் அந்தச் சிறிய வரி கவனம் பெறாமல் போனது. இருமொழிக் கொள்கையின் உயிர் என்ன? ஒருவன் மீது அவனுக்கு அந்நியமான மொழியைத் திணிக்கக் கூடாது, அவன் மொழியை அவனிடமிருந்து பறிக்கக் கூடாது என்பதுதான். அந்த நியாயத்தை முழு மனதோடு நம்புகிற மாநிலம், காது கேளாத பிள்ளையின் மொழிக்குப் பாடத்திட்டத்தில் இடம் கொடுக்க டெல்லியின் கொள்கைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு மொழித்தாளுக்கு விலக்குத் தரும் அதே அரசாணை வழியில், அந்த இடத்தில் சைகை மொழித்தாளை விருப்பப்பாடமாக வைக்கலாம்.

இந்தப் பாடம் காது கேளாதோர் பள்ளியோடு நின்றால் பாதி வேலைதான் ஆகும். அங்கே பிள்ளைகளுக்கு அது ஏற்கெனவே தெரியும், விடுதி கற்றுக்கொடுத்துவிடுகிறது. தெரியாதவர்கள் வெளியே இருக்கிறோம். படிப்பை முடித்து ஊர் திரும்பும் இளைஞன் காலணிக் கம்பெனியில் மேல்தோல் தைக்கும் இயந்திரத்தில் உட்காருகிறான். மேற்பார்வையாளருக்கு அவனிடம் பேசத் தெரியாது. வங்கியில், தாலுகா அலுவலகத்தில், மருத்துவமனையில் அம்மாவோ தங்கையோ கூட வர வேண்டும். அரசு வேலையில் அவர்களுக்கென்று சட்டம் ஒதுக்கிய ஒரு விழுக்காடு இடத்துக்கு விண்ணப்பிக்க, படிவத்தை விளக்கிச் சொல்ல ஆளில்லை. 2023 செப்டம்பரில் காது கேளாத வழக்கறிஞர் சாரா சன்னி உச்ச நீதிமன்றத்தில் சைகை மொழிபெயர்ப்பாளர் துணையோடு வாதாடினார். அந்த மொழிபெயர்ப்பாளரைப் போல ஒருவர் வேலூர் மாவட்ட நீதிமன்றத்துக்கும், குடியாத்தம் அரசு மருத்துவமனைக்கும் வேண்டும். அவர்கள் இன்று ஏதோ ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும், காது கேட்கும் பிள்ளைகளிலிருந்துதான் வர முடியும்.

உருதுவுக்காக நீதிமன்றம் வரை போன பள்ளி நிர்வாகங்களும் பெற்றோர் சங்கங்களும் இருக்கும் பகுதி இது. வாணியம்பாடியில் 1919-ல் இஸ்லாமியாக் கல்லூரியைத் தோல் வணிகர்களின் கொடை எழுப்பியது; மேல்விஷாரத்தில், ஆம்பூரில் கல்லூரிகள் அதே வழியில் எழுந்தன. மொழிக்கும் கல்விக்கும் கைப்பணம் கொடுத்துப் பழகிய இந்த ஊர்களுக்குச் சைகை மொழி ஆசிரியர் ஒருவரின் சம்பளம் பாரமாகாது. சைகை மொழி கற்பிப்பதற்கென்றே டிப்ளமோ முடித்த காது கேளாத இளைஞர்கள் இருக்கிறார்கள். அகராதி இலவசமாகக் கைப்பேசியில் கிடைக்கிறது. பாடத்திட்டமும் தயாராக இருக்கிறது. பேரணாம்பட்டிலும் ஆம்பூரிலும் பள்ளி நடத்துகிறவர்கள் வரும் ஜூனில் கால அட்டவணை போடும்போது வாரத்துக்கு ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்கட்டும். அந்த வகுப்பை எடுக்கக் காது கேளாத ஆசிரியர் ஒருவரையே அமர்த்தட்டும்.